களத்தில் ஒரு துப்பாக்கி, தெருவில் ஒரு துப்பாக்கி

கதையும் கவிதையும் பேசும் இடத்தில் பொம்மைத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நம் குழுவைச் சேர்ந்த, இங்கிலாந்தில் வாழும் நண்பரொருவரின் மகனுக்குச் சென்ற மாதம் 14 வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஏர்சாஃப்ட் துப்பாக்கி வேண்டும் என்றான். துப்பாக்கி என்ற பேச்சே வீட்டில் கூடாது என்றார் தாய். பொம்மைதானே, வாங்கிக் கொடுத்தால் என்ன என்றார் தந்தை. வழக்கு நம்மிடம் வந்தது. சில வாரங்கள் படித்தும் விவாதித்தும் நாம் வந்தடைந்த இடம் இதுதான்: தாய் சொன்னதும் சரியன்று, தந்தை சொன்னது அதைவிடச் சரியன்று.

முதலில் இந்த ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுவோம். அசல் துப்பாக்கியின் உருவையும் அளவையும் அப்படியே கொண்ட ஒரு கருவி. உள்ளே வெடிமருந்து இல்லை. சுருள்வில்லோ, மின்கலத்தால் இயங்கும் மோட்டாரோ, அடைத்து வைத்த வாயுவோ காற்றை அழுத்தித் தள்ள, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டை ஒன்று குழலிலிருந்து வெளியேறும். பரவலாகப் பயன்படும் உருண்டையின் எடை 0.20 கிராம். நம் பொற்கொல்லர்களின் பழைய தராசில் ஒரு குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம் என்பதால், ஒன்றரைக் குன்றிமணிக்குச் சற்றே மேல். காட்டிலோ கைவிடப்பட்ட கட்டடத்திலோ இரண்டு அணியினர் ஒருவரையொருவர் தேடிச் சுட்டு ஆடுவர்.

இது பிறந்த நாடு ஜப்பான். அங்கு 1958ஆம் ஆண்டின் சுடுகலன், வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் கையில் கைத்துப்பாக்கி இருப்பதை ஏறத்தாழ முற்றாகவே தடுத்துவிட்டது. திரையில் கண்ட துப்பாக்கியைக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆசையை மட்டும் சட்டத்தால் தடுக்க முடியவில்லை. உலோகத்தில் செய்த மாதிரித் துப்பாக்கிகள் விற்பனையாயின. 1971இல் அவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது; உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளின் குழலை அடைத்து, வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும் என்றார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில் பிளாஸ்டிக் உருண்டை எய்யும் வகை வளர்ந்தது. 1991இல் டோக்கியோ மருயி நிறுவனம் மின்மோட்டாரால் இயங்கும் முதல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், ஆட்டம் கடல் தாண்டிப் பரவியது. துப்பாக்கி இல்லாத நாட்டில் பிறந்த விளையாட்டு இது என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் துயரங்கள் யாவும், துப்பாக்கி நிறைந்த நாட்டுக்கு அது போய்ச் சேர்ந்தபோது நிகழ்ந்தவை.

ஆட்டத்தின் விதிகளைப் படித்தபோது நம்மை உட்காரவைத்தது ஒரே ஒரு விதி. இதன் உறவு விளையாட்டான பெயின்ட்பாலில், அடிபட்டவன் மேல் சாயம் தெறித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஏர்சாஃப்டில் எந்தத் தடயமும் இல்லை. ஒன்றரைக் குன்றிமணி எடையுள்ள உருண்டை தோளில் பட்டுத் தெறித்துப் புல்லுக்குள் விழுந்துவிடும். பட்டது என்பதை அறிந்தவன் பட்டவன் ஒருவனே. அவனே கையை உயர்த்தி, ‘ஹிட்’ என்று உரக்கச் சொல்லி, களத்தைவிட்டு வெளியேற வேண்டும். நடுவர்கள் உண்டு, ஆனால் புதருக்குப் புதர் நடுவர் நிற்க முடியாது. ஆட்டம் முழுவதும் ஆடுபவனின் சொல்லின்மேல் நிற்கிறது. பட்டும் சொல்லாமல் தொடர்ந்து ஆடுபவனை அங்கே ‘ஜோம்பி’ என்கிறார்கள், செத்தும் நடமாடுபவன் என்ற பொருளில். நமக்கு இதற்கு இன்னும் நல்ல சொல் உண்டு: அழுகுணி ஆட்டம்.

டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹாய்சிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ நூலை நம் வாசகர்களில் சிலரேனும் படித்திருப்பர். விளையாட்டு தனக்கென்று ஒரு வட்டத்தை வரைந்துகொள்கிறது, அதற்குள் தனிக் காலமும் தனி விதியும் உண்டு என்பது அவர் வாதம். விதியை மீறி ஏமாற்றுபவனைவிட, வட்டத்தையே கலைப்பவனை ஆடுவோர் அதிகம் வெறுப்பதையும் அவர் கவனித்திருக்கிறார். ஏமாற்றுபவன் வட்டம் இருப்பதாகவாவது பாவனை செய்கிறான் அல்லவா? ஏர்சாஃப்டின் பாதுகாப்பு பற்றி நாம் படித்த அறிவுரைகள் அனைத்தையும் இந்த ஒரு வட்டத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வட்டத்துக்குள் ஆபத்து கண்ணுக்கு. வட்டத்துக்கு வெளியே ஆபத்து உயிருக்கு.

கண்ணை முதலில் பார்ப்போம். விசையின் வலுவை ஜூல் என்ற அலகால் அளக்கிறார்கள். 0.20 கிராம் உருண்டை 1 ஜூல் ஆற்றலுடன் புறப்பட்டால் அதன் வேகம் விநாடிக்கு 100 மீட்டர். மணிக்கு 360 கிலோமீட்டர். சட்டையின்மேல் பட்டால் சுரீர் என்று வலிக்கும், வெறுந்தோலில் பட்டால் சிவந்து கன்றும், அவ்வளவே. கண்ணில் பட்டால் பார்வை போகலாம். முன்பல்லில் பட்டால் பல் உடையும். ஜப்பானில் 2006இல் சட்டத்தைத் திருத்தி, 6 மில்லிமீட்டர் உருண்டைக்கு ஏறத்தாழ 0.98 ஜூல் என்ற உச்சவரம்பை வைத்தார்கள். வலுவேற்றிய துப்பாக்கிகளால் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களைச் சிலர் சுட்டதன் விளைவு அது. அங்கே 10 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கென்று தனி வகையே உண்டு. அதன் வரம்பு 0.135 ஜூல், பெரியவர்களுடையதில் ஏழில் ஒரு பங்கு. சிறுவர் ஆட்டத்தைத் தடைசெய்யாமல், அதை அவர்கள் உடலுக்கு ஏற்ற அளவில் அமைத்துக் கொடுத்த இந்த ஏற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொடர்ந்து சுடுபவற்றுக்கு 1.3 ஜூலும், ஒவ்வொன்றாகச் சுடுபவற்றுக்கு 2.5 ஜூலும் உச்சம். அதற்கு மேல் போனால் அது ஏர்சாஃப்ட் என்ற சலுகையை இழந்துவிடும்.

இனிக் கண்ணாடி. இங்கேதான் பெற்றோர் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிவந்த ஈ.என். 166 தரத்தில் எஃப் என்ற எழுத்துப் பொறித்த கண்ணாடியை, 6 மில்லிமீட்டர் உருக்குக் குண்டை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் எய்து சோதிக்கிறார்கள். குண்டின் எடை 0.86 கிராம், கணக்குப் போட்டால் 0.87 ஜூல்தான் வருகிறது. ஆக, 1 ஜூல் துப்பாக்கிக்கு முன்னால் அந்தக் கண்ணாடி தன் சோதனை எல்லையைத் தாண்டி நிற்கிறது. பி என்ற எழுத்துடையது விநாடிக்கு 120 மீட்டரில் சோதிக்கப்பட்டது. ஆற்றல் 6 ஜூலுக்கும் மேல். ஓரெழுத்து வித்தியாசத்தில் ஏழு மடங்கு. 2022இல் அந்தத் தரத்துக்கு மாற்றாகப் புதிய தரம் வெளியாயிற்று. எனினும் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கண்ணாடியில் பழைய எழுத்துத்தான் இருக்கும். மூக்குக் கண்ணாடியும் வெயில் கண்ணாடியும் கணக்கிலேயே சேரா. உடைந்தால் அவற்றின் சில்லே கண்ணுக்குள் போகும். கன்னத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தி, வாயையும் பற்களையும் மூடும் முழுமுகக் கவசமே பிள்ளைகளுக்கு உரியது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அதை அணிந்தே தீர வேண்டும் என்று பல களங்கள் விதி வைத்திருக்கின்றன.

கவசம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது முகத்திலேயே இருக்க வேண்டும். வியர்வையில் கண்ணாடி ஆவி படிந்து மறைக்கும். துடைப்பதற்காக ஒரு நொடி தூக்குவான் பிள்ளை. அந்த ஒரு நொடிதான் அச்சத்துக்குரியது. கண்ணாடி மறைத்தால் ஆட்டத்தைவிட்டு வெளியேறி, சுடுவதற்குத் தடையுள்ள பகுதிக்கு நடந்து வந்த பிறகே கழற்ற வேண்டும். நல்ல களங்களில், யாரேனும் ஒருவர் கவசமின்றிக் கண்ணில் பட்டால் மொத்த ஆட்டத்தையும் நிறுத்திவிடுகிறார்கள்.

மற்றவை பழகிவிட்டால் எளியவை. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகமானியில் வைத்துச் சோதிப்பர். ஓய்விடத்துக்குள் நுழையுமுன் மேகசினைக் கழற்றி (மேகசின் என்றால் நமக்குச் சிற்றிதழ்தான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய), குழலுக்குள் தங்கியிருக்கும் கடைசி உருண்டையைத் தரையை நோக்கிச் சுட்டு வெளியேற்ற வேண்டும். மேகசின் கழன்றுவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்புவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடக்கூடாது. மிக அருகில் ஆளைக் கண்டால் சுடாமல் சரணடையச் சொல்லலாம். லித்தியம் பாலிமர் மின்கலத்தை ஆளில்லாத அறையில் இரவு முழுக்க மின்னேற்ற விட்டால் தீப்பிடிக்கக்கூடும் என்பதையும் சொல்லிவைப்போம்; இது ஆட்டத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றினாலும் வீட்டை எரிக்க வல்லது.

இதுவரை சொன்னவை வட்டத்துக்கு உள்ளே. வெளியே என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் பொருளில்லை.

2013 அக்டோபர் 22 அன்று, கலிபோர்னியாவின் சான்டா ரோசா நகரில் ஆண்டி லோபெஸ் என்ற 13 வயதுச் சிறுவன், ஏகே-47ஐப் போன்ற ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு சாலையோரம் நடந்துகொண்டிருந்தான். ரோந்து வந்த காவலர் ஒருவர் அது அசல் என்று எண்ணிச் சுட்டார். சிறுவன் இறந்தான். அடுத்த ஆண்டு, 2014 நவம்பர் 22 அன்று, ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் ஒரு பூங்கா. டமீர் ரைஸ், வயது 12. கைத்துப்பாக்கி வடிவிலான ஏர்சாஃப்ட் ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டு காவல்துறையை அழைத்தவர், அது பொய்த் துப்பாக்கியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியே இருந்தார். அந்தச் சொற்கள் அங்கே விரைந்த காவலர்களைச் சென்றடையவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டே விநாடிகளுக்குள் சுட்டார்கள். மறுநாள் அவன் இறந்தான்.

பழி அந்தப் பிள்ளைகள்மேல் இல்லை. இதைத் தெளிவாகவே சொல்லிவிட விரும்புகிறோம். கறுப்பினச் சிறுவன் ஒருவனை இரண்டு விநாடிகளில் எடை போட்ட கண்களைப் பற்றி அமெரிக்காவே ஆண்டுக்கணக்காகப் பேசியிருக்கிறது, இன்னும் பேசும். பாதுகாப்பாக நடந்துகொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரைகள் பலவும், பெரியவர்களின் குற்றத்தை நைசாகப் பிள்ளைகளின் தலையில் இறக்கி வைப்பதைக் கண்டு நமக்கு எரிச்சலே மிஞ்சியது. எனினும் இவ்விரு நிகழ்வுகளிலும் பொதுவாக இருக்கும் ஒன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். இரண்டுமே நண்பனிடமிருந்து கைமாறி வந்த துப்பாக்கிகள். இரண்டிலுமே குழல்முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு நிறம் இல்லை.

அந்த ஆரஞ்சு முனை, 1988இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கொண்டுவந்தது. விற்பனையாகும் ஒவ்வொரு பொம்மைத் துப்பாக்கியும் அந்தப் பளீர் நிறத்தை அணிந்தே வர வேண்டும். சட்டம் நல்லெண்ணத்தில் எழுந்ததே. ஆனால் பிளாஸ்டிக் முனை உடையும், பழுதுபார்க்கும்போது கழன்றுபோகும், அசல்போல் தெரிய வேண்டும் என்று பையன்களே பிடுங்கி எறிவதும் உண்டு. முனை அப்படியே இருந்தாலும், அந்தி வெளிச்சத்தில் பத்தடி தூரத்தில் அச்சத்தோடு நிற்பவன் நிறத்தையா தேடுவான்? சான்டா ரோசா நிகழ்வுக்குப் பின் கலிபோர்னியாவில் கூடுதல் சட்டம் இயற்றி, 2016 முதல் விசையைச் சுற்றியுள்ள வளையம் முழுவதும் ஒளிரும் நிறத்தில் இருக்க வேண்டும், கைப்பிடி போன்ற இடங்களிலும் அந்நிறப் பட்டை வேண்டும் என்றார்கள். நிறம் கூடியது நல்லதே. ஆனாலும் நிறம் கேடயமன்று என்பதைப் பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், அசல்போல் தோற்றமளிக்கும் போலித் துப்பாக்கிகளின் விற்பனையை 2007 அக்டோபர் 1 முதல் தடுத்தது. ஏர்சாஃப்ட் ஆடுபவர்களுக்கு விலக்கு உண்டு. அதை மெய்ப்பிக்க விற்பனையாளர் சங்கம் ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது: ஒரே களத்தில், 56 நாட்களுக்குக் குறையாத காலத்தில், மூன்று முறையாவது ஆடியிருக்க வேண்டும். அதாவது, துப்பாக்கிக்கு முன்னால் ஆட்டம். வட்டத்துக்குள் பழகியவனுக்கே வட்டத்தின் கருவி. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எந்தப் போலித் துப்பாக்கியையும் விற்கக்கூடாது என்பதும் அதே சட்டம். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதே அங்கே குற்றம். இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு விளையாட்டின் இயல்பு புரிந்திருக்கிறது என்பது நம் எண்ணம். அமெரிக்கச் சட்டம் கருவிக்கு நிறம் பூசியது. ஆங்கிலேயச் சட்டம் ஆடுபவனைப் பார்த்தது.

ஆனால் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. மகன் வாங்க முடியாததைத் தந்தை வாங்கிப் பரிசளிக்கலாம். நம் நண்பர் செய்ய நினைத்ததும் அதுவே. நம் கருத்து வேறுபடுவது இங்கேதான். ஏர்சாஃப்ட் ஆடுவோர் பலர், முதலில் மலிவான துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொள், களத்துக்குப் பிறகு வரலாம் என்று சிறுவர்களுக்குச் சொல்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும் என்கிறோம். களங்களில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பலாம். அலமாரியில் இல்லாத துப்பாக்கியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று காட்ட முடியாது. கொல்லைப்புறத்தில் தம்பியைச் சுட்டுப்பார்க்க முடியாது. நண்பனுக்கு ஒரு நாள் இரவல் தர முடியாது. அந்த இரவலைத்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். களத்தின் விதிகளைக் கற்றவன் கையிலிருந்து கல்லாதவன் கைக்கு அது போகும்போது, கருவி மட்டுமே போகிறது. விதிகள் கூடப் போவதில்லை.

என்றேனும் சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அது முழுவதும் மூடிய பையில், மின்கலம் கழற்றப்பட்டு, பெரியவரின் காரில் வீட்டிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து வீட்டுக்கும் மட்டுமே பயணப்பட வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் பையைத் திறந்து பார்ப்பதுகூட வேண்டாம். காவலர் எதிர்ப்பட்டு அதட்டினால், இது பொம்மை என்று காட்டுவதற்காக அதைத் தூக்குவதோ அதை நோக்கிக் கையை நீட்டுவதோ கூடாது. அசையாமல் நின்று சொன்னபடி செய்ய வேண்டும். ஒரு பிள்ளையிடம் இதைச் சொல்ல நேர்வது அவமானமானதே. அதற்காகச் சொல்லாமல் விட முடியாது.

தாயின் மறுப்புக்கு வருவோம். போரை விளையாட்டாக்குவது முறையா என்பது அவர் கேள்வி. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பம் அவர்களுடையது. பதினான்கு வயதுப் பையன் கையில் துப்பாக்கி என்ற காட்சி அவருக்குக் கற்பனையில் வருவதன்று. அதற்கு நம்மிடம் பதில் இல்லை. தீபாவளிக்கு வாங்கிய கேப் துப்பாக்கியால் ஊரெல்லாம் சுட்டுத் திரிந்த நமக்கு, பதில் சொல்லும் தகுதியும் இல்லை. அந்த ஆசை எந்த வீட்டிலும் தடையால் அடங்கியதாக நாம் கண்டதில்லை என்று மட்டும் அவரிடம் சொன்னோம். கணினித் திரையில் ஆயிரம் பேரைச் சுடும் பிள்ளை, தான் பட்டதைத் தானே சொல்லி வெளியேற வேண்டிய ஓர் ஆட்டத்துக்குப் போவது ஒருவகையில் முன்னேற்றமே என்றும் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறன்று தந்தையும் மகனும் களத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். தந்தையும் ஆட வேண்டும் என்பது நாம் வைத்த நிபந்தனை. முழங்கையில் இரண்டு சிவந்த தழும்புகளோடு திரும்பிய நண்பர், பொம்மை என்ற சொல்லை அதன்பின் நம்மிடம் சொல்லவில்லை. பிறந்தநாள் பணத்தில் பையனுக்கு நல்ல முழுமுகக் கவசம் ஒன்று வாங்கியாயிற்று. கண்ணாடியில் எந்த எழுத்துப் பொறித்திருக்கிறது என்பதைத் தாயே பார்த்து வாங்கினாராம். துப்பாக்கி பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.